ஜஸ்டின் ஃபீல்ட்ஸை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

வாசகர் கேள்வி, 8 ஜனவரி 2024

அமெரிக்கக் கால்பந்தில் நம் சிகாகோ பேர்ஸுக்கு நேற்று கிரீன் பேயில் 17-9 தோல்வி. நம் க்வாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்கு மூன்று சீசன் முடிந்துவிட்டது. ஃபீல்ட்ஸ் தொடங்கிய 38 ஆட்டங்களில் பேர்ஸ் ஜெயித்தது 10. கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசைப்படி எடுக்கிற டிராஃப்டில் முதல் இடம் நம் கையில் இருக்கிறது, கல்லூரியில் கேலப் வில்லியம்ஸ் என்று ஒரு க்வாட்டர்பேக் பையன் காத்திருக்கிறான். இன்னும் என்ன யோசனை? லைன் (க்வாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று தடுக்கிறவர்கள்) சரியில்லை, ரிசீவர் (அவர் எறிவதைப் பிடிக்கிறவர்) சரியில்லை, கோச் சரியில்லை என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

8 ஜனவரி 2024, இரவு

கூடமும் கோணல்தான் அண்ணே.

அந்தப் பத்து வெற்றியை க்வாட்டர்பேக் தலையில் மட்டும் கட்டுவதற்கு முன் 2022ஐ எடுத்துப் பாருங்கள். சீசன் தொடங்கும் முன்பே, எதிரணியைத் தடுக்கிற டிஃபென்ஸிலிருந்து கலீல் மேக்கை விற்றார்கள். நடுவில் ராபர்ட் க்வினை விற்றார்கள், அடுத்து ரோக்வான் ஸ்மித்தையும். வேண்டுமென்றே கலைத்த அணி அது. அந்த வருடம் பேர்ஸில் அதிக யார்டுக்குப் பந்து பிடித்தவர் ஒரு டைட் எண்ட் (பாதி நேரம் தடுப்பு, பாதி நேரம் பந்து பிடிப்பு), கோல் கெமெட். 544 யார்டு. நல்ல அணிகளில் இரண்டாவது ரிசீவரே அதைத் தாண்டிவிடுவார். அந்தக் கூட்டத்தோடு ஆடிய பையன் தன் காலால் மட்டும் 1,143 யார்டு ஓடினான். மயாமிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 178. ரெகுலர் சீசனில் எந்த க்வாட்டர்பேக்கும் அதுவரை ஒரே ஆட்டத்தில் அவ்வளவு ஓடியதில்லை.

போன வருடம்தான் டி.ஜே. மூர் வந்தார். ஒரு நிஜமான ரிசீவர் வந்ததும் வாஷிங்டனில் 40-20. தொடர்ந்து 14 ஆட்டம் தோற்றிருந்த அணி அன்றுதான் மூச்சு விட்டது.

9 ஜனவரி 2024

ஒருவர் "பஃபலோ பொறுத்திருந்தது, ஜாஷ் ஆலன் தேறினார்" என்று எழுதியிருக்கிறார். உண்மைதான். க்வாட்டர்பேக் ஆலன் எறிந்ததில் பிடிபட்டது முதல் வருடம் 52.8 சதவீதம், இரண்டாவது வருடம் 58.8, மூன்றாவது வருடம் 69.2. ஆனால் மூன்று வருடமும் அதே கோச், அதே ஜெனரல் மேனேஜர். மூன்றாம் வருடம் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸைக் கூட்டி வந்தார்கள். ஆலன் பெயரைச் சொல்கிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

11 ஜனவரி 2024

தலைமைக் கோச் எபர்ஃப்ளூஸ் தொடர்கிறாராம். ஆஃபென்ஸ் (பந்து நம் கையில் இருக்கும்போது ஆடுகிற பக்கம்) பார்த்துக்கொண்டிருந்த லூக் கெட்ஸியைத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான், ஃபீல்ட்ஸ் விஷயம் அல்ல. பழைய கணக்கை எடுத்துப் பாருங்கள். 2017இல் மூன்றாம் இடத்திலிருந்து இரண்டுக்கு ஏறி க்வாட்டர்பேக் மிட்ச் ட்ருபிஸ்கியை எடுத்தோம். அதே டிராஃப்டில் இன்றைய நட்சத்திரம் மஹோம்ஸ் பத்தாவதாகப் போனார், அந்தக் கதையை விடுங்கள், ஆறின புண். அப்போது கோச் ஜான் ஃபாக்ஸ். அந்த சீசன் முடிந்ததுமே அவரை நீக்கினார்கள். 2021இல் ஜயன்ட்ஸிடம் அடுத்த வருட டிராஃப்டின் முதல் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்து, 20இலிருந்து 11க்கு ஏறி ஃபீல்ட்ஸை எடுத்தோம். கோச் மேட் நேகி. அந்த சீசன் முடிந்ததுமே அவரையும் நீக்கினார்கள்.

நாற்காலி ஆடிக்கொண்டிருக்கிற கோச்சிடம் 22 வயதுப் பையனை ஒப்படைப்பது. அவர் அந்த வருடம் தன் வேலையைக் காப்பாற்றப் பார்ப்பார், பையனை வளர்க்க அவருக்கு நேரம் ஏது? அடுத்து வருகிறவர் "இவன் நான் எடுத்தவன் இல்லை" என்று வேறு பாடம் தொடங்குவார். இரண்டாவது வருடத்தில் பையன் மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எபர்ஃப்ளூஸ் இரண்டு வருடத்தில் 10 வெற்றி, 24 தோல்வி. அவரை வைத்துக்கொண்டு புதுப் பையனை எடுத்தால் மூன்றாவது முறையாக அதே படம்தான் ஓடப்போகிறது.

ஆகவே என் கட்சி: கோச்சை மாற்றுவதாக இருந்தால் க்வாட்டர்பேக்கையும் மாற்றுங்கள். கோச்சை வைத்துக்கொள்வதாக இருந்தால் ஃபீல்ட்ஸையும் வைத்துக்கொண்டு, முதல் இடத்தைப் போன வருடம் போல விற்றுவிடுங்கள்.

11 ஜனவரி 2024, கொஞ்ச நேரம் கழித்து

கிரீன் பே ரசிகரான மில்வாக்கித் தம்பி, உங்கள் சிரிப்பான் பொம்மைகளைப் பார்த்தேன். ஃபார்வ், ராட்ஜர்ஸ், லவ் என்று முப்பது வருடத்தை மூன்று க்வாட்டர்பேக்கில் ஓட்டியவர்களுக்கு இந்த இழையில் என்ன வேலை?

14 ஜனவரி 2024

"போன வருடம் முதல் இடத்தை விற்றதே தப்பு, சி.ஜே. ஸ்ட்ரவுட் கைவிட்டுப் போனார்" என்று இரண்டு பேர். அந்த க்வாட்டர்பேக் போனது உண்மை. ஆனால் விற்காமல் இருந்திருந்தால் இந்த வருட முதல் இடம் நமக்கு எங்கிருந்து வந்திருக்கும்? இது கரோலினாவின் இடம். அவர்கள் 2 வெற்றி, 15 தோல்வி என்று கடைசியில் நின்றதால் நமக்கு விழுந்தது. அந்த வியாபாரத்தில் மூர் வந்தார், ஒன்பதாம் இடம் வந்தது, அதிலிருந்து ஒன்று இறங்கி லைனுக்கு டார்னெல் ரைட்டை எடுத்தார்கள், இன்னொரு இரண்டாம் சுற்றும் வந்தது, 2025க்கும் ஒரு இரண்டாம் சுற்று பாக்கி இருக்கிறது. ஜெனரல் மேனேஜர் ரையன் போல்ஸ் செய்ததில் எனக்குக் குறை தெரியாத ஒரே காரியம் அது.

விற்பதற்கு அந்த இடம் நமக்கு வந்ததே ஒரு பழைய பேர்ஸ் கோச்சின் புண்ணியத்தில்தான். 2022 சீசனின் கடைசி நாள், லவி ஸ்மித்தின் ஹூஸ்டன் 32-31 என்று இண்டியானாபொலிஸை ஜெயித்துத் தொலைத்தது; லீகில் கடைசி இடம் நமக்கு வந்து, டிராஃப்டில் முதல் இடமும் நமக்கு வந்தது. ஜெயித்த கையோடு அவருக்கு வேலை போனது. சிகாகோவில் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

20 ஜனவரி 2024

பணக் கணக்கை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

முதல் சுற்றில் எடுத்த பையனுக்கு நாலு வருட ஒப்பந்தம், சம்பளம் கட்டுப்பட்டது. ஐந்தாம் வருடம் வேண்டுமா என்று அணி நாலாம் வருடத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஃபீல்ட்ஸுக்கு அந்தக் கெடு வருகிற மே மாதம். "வேண்டும்" என்றால் 2025க்குச் சுமார் 2.5 கோடி டாலர் உறுதியாகிவிடும். அதற்குப் பிறகு அவர் கேட்கப்போவது இன்னும் பெரிய தொகை. இன்று ஜோ பரோ வருடத்துக்கு 5.5 கோடி வாங்குகிறார். அணி மொத்தத்துக்கும் உச்சவரம்பு இருக்கிற விளையாட்டில் அவ்வளவையும் ஒருவருக்குக் கொடுத்தால் லைனுக்கு யாரை வைத்து ஆடுவது?

புதுப் பையன் வந்தால் நாலு வருடத்துக்கும் சேர்த்தே நாலு கோடிக்குள் முடிந்துவிடும். மிச்சப் பணத்தில் லைன், ரிசீவர், டிஃபென்ஸ் எல்லாம் வாங்கலாம். ஃபீல்ட்ஸ் என்ன கெட்டவரா என்பதே கேள்வி இல்லை. அவருடைய மலிவான வருடங்களை நாம் அணியைக் கலைப்பதிலேயே செலவழித்துவிட்டோம். அந்தப் பாவம் அவருடையது அல்ல, ஆனால் வட்டி கட்டப்போவது அவர்தான்.

இப்படி எழுதிவிட்டு என் கட்சியே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. சரி, இருக்கட்டும்.

4 பிப்ரவரி 2024

டென்வர் ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அக்டோபர் 1. எல்லாரும் ஃபீல்ட்ஸின் சிறந்த நாள் என்று சொல்கிற ஆட்டம்: 35 எறிதலில் 28 பிடிபட்டது, 335 யார்டு, நாலு டச் டவுன் (எதிரணிக் கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது). 28-7 என்று முன்னே இருந்து 31-28 என்று தோற்றோம்.

நேரலையில் பார்த்தபோது டிஃபென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது கண்ணில் பட்டது வேறு. ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்ப வேண்டும். அவர் திரும்பும்போது பந்து பாதி வழியில் இருக்க வேண்டும். ஃபீல்ட்ஸ் அவர் திரும்பி, இடம் கிடைத்து, அதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கையை உயர்த்துகிறார். அந்த அரை நொடி கல்லூரியில் கிடைக்கும், இங்கே கிடைக்காது. லீகிலேயே பந்தை அதிக நேரம் வைத்திருப்பவர்களில் அவர் ஒருவர். நாலாவது கால்வாசியில் பின்னாலிருந்து டென்வரின் நிக் பொனிட்டோ பந்தைத் தட்டிவிட்டார், ஜானதன் கூப்பர் பந்தை அள்ளிக்கொண்டு ஓடி டச் டவுன், 28-28. அந்த ஆட்டத்தை ஓடவிட்டு, அவர் கையில் பந்து வந்ததிலிருந்து நீங்களே எண்ணிப் பாருங்கள். லைனை மட்டும் எவ்வளவு திட்ட முடியும்?

அவருடைய முதல் ஸ்டார்ட் கிளீவ்லாண்டில் 2021இல். சாக் என்றால் எறியும் முன்பே க்வாட்டர்பேக்கைச் சாய்ப்பது. ஒன்பது சாக். சாக்கில் இழந்ததைக் கழித்தால் அணி மொத்தமும் பாஸில் எடுத்தது ஒரே ஒரு யார்டு. அது நேகியின் தலையில் எழுத வேண்டிய ஆட்டம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் மூன்றாவது வருடமும் அந்த அரை நொடி குறையவில்லை.

5 பிப்ரவரி 2024

"அப்போது கட்சி மாறிவிட்டீர்களா?" என்று கேட்கிறார்கள். பாதி. அவரை மாற்றலாம் என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன். எபர்ஃப்ளூஸிடம் புதுப் பையனைக் கொடுக்கலாம் என்ற இடத்துக்கு வரவில்லை.

டிசம்பர் 31 அட்லாண்டா ஆட்டத்துக்குப் போயிருந்தேன். பனி விழுந்துகொண்டிருந்தது. ஏரிக்காற்றில் வாங்கிய ஹாட் சாக்லேட் இரண்டு வாய் குடிப்பதற்குள் ஜில்லென்று ஆகிவிட்டது. முன் வரிசையில் ஒரு பெரியவர் பழைய க்வாட்டர்பேக் ஜே கட்லர் ஜெர்சியில் முதுகுப் பெயர் மேல் டேப் ஒட்டி, மார்க்கரில் ட்ருபிஸ்கி என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு ஃபீல்ட்ஸ் என்று எழுதியிருந்தார். 37-17 என்று ஆன பிறகு மைதானமே "எங்களுக்கு ஃபீல்ட்ஸ் வேண்டும்" என்று கத்தியது. பெரியவரும் கத்தினார். கத்திவிட்டுத் திரும்பி என்னிடம், டேப்பில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்றார்.

நானும் கத்தினேன். பையன் நல்ல பையன். ஒரு நாள்கூட யாரையும் குறை சொல்லி வாய் திறக்காமல் எல்லா அடியையும் வாங்கிக்கொண்டான். அதற்காக அவனை வைத்துக்கொள்ள வேண்டுமா என்றால், அது வேறு.

17 மார்ச் 2024

போய்விட்டார். பிட்ஸ்பர்க்குக்கு. ஈடாக 2025இன் ஆறாம் சுற்று. அவர் பாதிக்கு மேல் ஆடினால் நாலாம் சுற்று. இதே பிட்ஸ்பர்க்கிடம் ரிசீவர் சேஸ் கிளேபூலுக்காக நாம் கொடுத்தது இரண்டாம் சுற்று, கடைசியில் 32ஆம் இடமாக வந்து நின்றது. ஃபீல்ட்ஸ் ஆறாம் சுற்று, கிளேபூல் இரண்டாம் சுற்று. அந்த ஊர்க்காரர்களிடம் இனி யாரும் பேரம் பேசப் போகாதீர்கள்.

மகள் கேட்கிறாள், ஜெர்சியை என்ன செய்வது என்று. எப்படியும் அவளுக்குக் கை குட்டையாகிவிட்டது.

26 ஏப்ரல் 2024

வில்லியம்ஸ் வந்தார். ஒன்பதாம் இடத்தில் ரிசீவர் ரோம் ஒடுன்ஸே. ஏற்கெனவே மூர், கீனன் ஆலன், கெமெட். ஒரு புதுப் பையனுக்கு இவ்வளவு சீர்வரிசையோடு பேர்ஸ் வீடு கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் லைனில் பெரிய ஆள் யாரையும் காணோம், கோச் அதே ஆள். வாழ்த்துகள்.

28 அக்டோபர் 2024

பேச விருப்பமில்லை.

29 அக்டோபர் 2024

சரி, பேசுகிறேன். வாஷிங்டனில் 15-12 என்று முன்னே. கடைசி எறிதல். அவர்கள் க்வாட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் தூக்கி எறிந்தது கூட்டத்துக்குள் தட்டுப்பட்டு, பின்னால் தனியாக நின்ற நோவா பிரவுன் கையில் விழுந்தது. 18-15. நம் ஆள் ஸ்டீவன்சன் பந்து கிளம்பிய பிறகும் ரசிகர்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார். எறிந்த டேனியல்ஸ் நமக்கு அடுத்து, இரண்டாம் இடத்தில் போனவர். இனிமேல் ஆயுசுக்கும் இந்த ஒப்பீடு ஓயாது.

"தப்பான பையனை எடுத்துவிட்டோமா" என்று இப்போதே தொடங்கிவிட்டார்கள். எட்டு வாரம்கூட ஆகவில்லை ஐயா.

29 நவம்பர் 2024

எபர்ஃப்ளூஸ் போனார். நேற்று டெட்ராய்டில் 23-20 தோல்வி; அரை நிமிடம் கையில் இருக்கிறது, கடிகாரத்தை நிறுத்த ஒரு டைம்அவுட் இருக்கிறது, எடுக்கவே இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது, டி.வி.யைப் பார்த்துக் கத்தினோம். கிளப்பைத் தொடங்கிய ஹாலாஸ் காலத்திலிருந்து சீசன் நடுவில் தலைமைக் கோச்சை நீக்கியதே கிடையாத கிளப். ஆஃபென்ஸ் கோச் ஷேன் வால்ட்ரன் இரண்டு வாரம் முன்பே போய்விட்டார்.

ஃபாக்ஸ், நேகி, எபர்ஃப்ளூஸ். ட்ருபிஸ்கி, ஃபீல்ட்ஸ், வில்லியம்ஸ். மூன்று பையன்களுக்கும் முதல் வருடக் கோச் இரண்டாம் வருடத்துக்கு இல்லை. ஜனவரி 11 குறிப்பைப் படித்துவிட்டு "ஜோசியரே" என்று அழைத்தவருக்கு: இதற்கு ஜாதகம் எதற்கு?

6 ஜனவரி 2025

சீசன் 5 வெற்றி, 12 தோல்வி என்று முடிந்தது. வில்லியம்ஸ் 68 சாக் வாங்கினார், லீகிலேயே அதிகம். 2022இல் ஃபீல்ட்ஸ் 55 வாங்கியபோது "அவன் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறான்" என்றீர்களே, இப்போது என்ன சொல்வீர்கள்? வில்லியம்ஸும் நிற்கிறார், அது உண்மைதான். ஆனால் பிப்ரவரியில் நான் ஃபீல்ட்ஸின் அரை நொடிக்குக் கொடுத்த கனம் கொஞ்சம் அதிகமோ என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு வேறு பையன்கள், ஒரே கட்டடம், ஒரே மருந்துச் செலவு.

22 ஜனவரி 2025

புதுக் கோச் பென் ஜான்சன்! டெட்ராய்டில் க்வாட்டர்பேக் கோஃபை மறுபடி மனிதராக்கியவர். இந்த முறை வரிசை சரி: க்வாட்டர்பேக்குக்கு ஏற்ற கோச், அந்தக் கோச் கேட்கிற லைன். இனி ஒன்றும் செய்யாமல் மூன்று வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் இந்த நிர்வாகம். அதுதான் கஷ்டம்.

13 அக்டோபர் 2025

லண்டன் ஆட்டத்தை யார் பார்த்தீர்கள்? ஃபீல்ட்ஸ் இப்போது ஜெட்ஸில். டென்வருக்கு எதிராக 13-11 தோல்வி. ஒன்பது சாக். சாக்கில் இழந்ததைக் கழித்துப் பார்த்தால் பாஸ் மொத்தம் மைனஸ் பத்து யார்டு.

கிளீவ்லாண்டிலும் ஒன்பதுதான். நாலு வருடம் கழித்து, வேறு ஊர், வேறு சட்டை, வேறு கோச், வேறு லைன். ஜனவரியில் "கொடுத்த கனம் அதிகமோ" என்று எழுதியதை வாபஸ் வாங்கவா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். டென்வர் டிஃபென்ஸ் இந்த வருடம் எல்லாரையும் தூக்கிப் போட்டுத் துவைக்கிறது என்பதும் உண்டு. ஆனாலும் அந்த அரை நொடி அவரோடேயே வந்துகொண்டிருக்கிறது. முதல் வருடத்தில் ஒரு நல்ல கோச் கையில் விழுந்திருந்தால் அது போயிருக்குமா, பிறவியிலேயே உள்ளதா? சோதித்துப் பார்க்க ஒரே வழி 2021க்குத் திரும்பிப் போவதுதான்.

11 ஜனவரி 2026

மில்வாக்கித் தம்பி எங்கே? ஆளையே காணோமே. நேற்று பிளே-ஆஃபில் பாதி ஆட்டத்தில் கிரீன் பே 21-3 என்று முன்னே இருந்தபோது இங்கே நாலு பதிவு போட்டாரே. கடைசியில் ஜெயித்தது நாம், 31-27!!

20 ஜனவரி 2026

அடுத்த சுற்றில் ராம்ஸிடம் கூடுதல் நேரத்தில் 20-17 தோல்வி. வலிக்கிறது, ஆனால் பழைய வலி இல்லை. 11-6, டிவிஷன் நம்முடையது. போன வருடம் 68 முறை விழுந்த பையன் இந்த வருடம் 24 முறைதான் விழுந்தார். தூனி, டால்மன், ஜாக்சன் என்று லைனின் நடுப்பகுதி முழுவதையும் ஒரே சீசன் இடைவெளிக்குள் மாற்றினார்கள். எரிக் க்ரேமர் 1995இல் எறிந்து வைத்த 3,838 யார்டு கிளப் சாதனையும் போயிற்று, வில்லியம்ஸ் 3,942. எந்த க்வாட்டர்பேக்கும் ஒரு சீசனில் நாலாயிரம் தாண்டாத ஒரே கிளப் என்ற பட்டம் இன்னும் நம்மிடமே. இதிலும் ஒரு நூறு யார்டுக்குள் கோட்டை விட வேண்டுமா?

மினியாபொலிஸ் அண்ணன் தனியாகக் கேட்டதற்கு இங்கேயே பதில், மற்றவர்களும் அடிக்கட்டும். உங்கள் மினசோட்டா க்வாட்டர்பேக் மெக்கார்த்தியை வைத்துக்கொள்வதா என்கிறீர்கள். முதல் வருடம் முழுக்கக் காயம், இந்த வருடமும் பாதி காயம். செப்டம்பரில் எங்கள் மைதானத்துக்கு வந்து 17-6 என்று பின்தங்கி, கடைசிக் கால்வாசியில் மட்டும் மூன்று டச் டவுன் போட்டு 27-24 என்று பறித்துக்கொண்டு போன பையன், அதனால் எனக்கு அவன் மேல் கோபம் உண்டு, கழித்துக்கொண்டு படியுங்கள். உங்கள் கோச் ஓகானல் இருக்கிறார். அவர்தான் இந்தப் பையனை எடுத்தவர். அப்படியிருக்க இன்னொரு வருடம் கொடுங்கள், பக்கத்தில் சம்பளத்துக்கு ஒரு மூத்தவரை உட்கார வையுங்கள். கோச்சை அனுப்புகிற அன்று பையனையும் சேர்த்து அனுப்புங்கள், ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள்.

2024இல் உங்களுக்கு ஆடிய க்வாட்டர்பேக் டார்னால்டை விட்டிருக்கக் கூடாதோ என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை சியாட்டிலில் இதே ராம்ஸோடு ஆடுகிறார், நான் அவர் பக்கம்.